எர்த் குழிக்குப் போட்ட உப்பு

மூன்றாம் நம்பர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருக்கிற அக்காவுக்கு இடி என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை. ஏலகிரி மலைப் பக்கம் மேகம் கறுத்தாலே அவருக்குக் கையில் வேலை ஓடாது. முதல் இடி இடித்ததும் லாக் புக்கை மூடிவிட்டு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போய் நின்றுகொள்வார். மழை விட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் திரும்பி வருவார். இதைக் கேள்விப்பட்டபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆம்பூர் பக்கத்தில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கழிவுநீர் பூமிக்கடியில் குழாயில் ஓடி வரும். வழியில் ஐந்து இடங்களில் தொட்டிகளும் பம்புகளும் உண்டு. தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை ஒவ்வொரு பம்ப் ஹவுஸும் ரேடியோ மூலம் எங்கள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பக்கத்திலேயே ஓர் இரும்பு டவர், அதன் உச்சியில் மீன் முள் மாதிரி ஓர் ஆன்டெனா. ஆன்டெனாவிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று இறங்கி, சுவர் ஓட்டை வழியாக அறைக்குள் நுழைந்து, மேசை மேலிருக்கும் ரேடியோப் பெட்டியில் முடியும். அந்த மேசையில்தான் ஆபரேட்டர் உட்கார்ந்து லாக் புக் எழுத வேண்டும்.

நாலு தென்னை மரத்தைத் தவிர வேறு உயரமே இல்லாத வெட்டவெளியில் எழுபதடி இரும்பை நட்டுவைத்தால் இடி வேறெங்கே போய் விழும்? அதனால்தான் டவர் உச்சியில் இடிதாங்கிக் கம்பி வைக்கிறோம். டவரின் காலில் போல்ட் போட்டு ஓர் இரும்புப் பட்டையை மண்ணுக்குள் இறக்கி, பத்தடி தள்ளி எர்த் குழியில் புதைத்திருக்கும் குழாயோடு சேர்க்கிறோம். கேபிள் அறைக்குள் நுழைகிற இடத்தில் அரெஸ்டர் என்று ஒரு சின்னப் பித்தளைச் சாமான் இருக்கும். கேபிள் வழியாக மின்னல் வந்தால் அதைத் திருப்பிப் பட்டைக்கு அனுப்புவது அதன் வேலை. ஆக, எல்லாமே அந்தப் பட்டையை நம்பித்தான். பட்டை இருந்தால் இடி மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் அறைக்குள் வரும்.

எர்த் குழியில் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு மூடுவது வழக்கம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மின்சாரம் சுலபமாக மண்ணில் இறங்கும். வேறு ஊர்களில் ஒரு மூட்டை உப்பை வாங்கி அளந்து போடுவார்கள். எங்கள் பக்கம் உப்புக்கா பஞ்சம்? பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வெளியூரிலிருந்து வருகிறது. கிடங்கில் அதை உதறினால் முடியும் ரத்தமும் ஒட்டிய சாம்பல் நிற உப்பு மலையாகக் குவியும். அதை எங்கே கொட்டுவதென்று ஒவ்வொரு முதலாளிக்கும் தலைவலி. ஐந்து டவர்களுக்கும் ஒரே நேரத்தில் எர்த் போட வேண்டி வந்தபோது, தெரிந்த கிடங்கு மேஸ்திரி ஒருவரிடம் போய்க் கேட்டேன்.

"பாய், இந்த உப்புல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? எர்த் குழிக்கு வேணும்."

"கொஞ்சம் இன்னா கொஞ்சம்? ஜாஸ்தியாவே எடுத்துட்டுப் போப்பா. எனக்கும் எடம் காலியாவும்."

டிராக்டர் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தேன். குழிக்குப் போட்டது போக மிச்சம் இருந்தது. பட்டை போகிற பள்ளம் நெடுகவும் கொட்டச் சொன்னேன். இவ்வளவு உப்பு போட்ட எர்த் இந்த ஜில்லாவிலேயே இருக்காது என்று வேலைக்கு வந்தவர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவர்களும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார்கள்.

மின்தடையை அளக்கிற டெஸ்டரை மாட்டிப் பார்த்தால் எண் ஒரு ஓமுக்கும் கீழே வந்தது; எர்த்துக்கு எண் குறையக் குறைய நல்லது. வேலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் இதில் பாதி நல்ல எண் வருவதற்கே எங்கள் ஆட்கள் படாத பாடு படுவார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. அதன் பிறகு வருஷா வருஷம் குழியின் மூடியைத் திறப்பேன், உள்ளே தெரியும் குழாயின் தலையில் கிளிப்பை மாட்டுவேன், எண்ணைப் பார்ப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஐந்து வருஷமும் அதே அழகான எண். ஒரு தடவைகூடப் பள்ளத்தைத் தோண்டிப் பட்டை எப்படி இருக்கிறதென்று பார்க்கவில்லை. எண்தான் நன்றாக இருக்கிறதே, எதற்குத் தோண்ட வேண்டும்?

இடையில் ஒரு நாள் இடிக்குப் பயந்து அக்கா டீக்கடையில் நின்றபோது, பம்பைப் போட ஆள் இல்லாமல் மூன்றாம் நம்பர் தொட்டி நிரம்பித் தெருவுக்கு வந்துவிட்டது. குரோமியம் கலந்த நீலத் தண்ணீர். தெரு சனம் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை இருக்காது என்று சொல்லிவிட்டார். கணவர் இல்லாத வீடு. மகள் ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறாள், மகன் இன்னும் காலேஜில் இருக்கிறான். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பாவமாகப் போயிற்று. தைரியம் சொல்லலாம் என்று அன்று சாயங்காலமே அவரிடம் போனேன்.

"இன்னாக்கா இது, சின்னப் பிள்ளை மாதிரி? இடி உழுந்தாலும் டவர் புடிச்சி மண்ணுக்குள்ள அனுப்பிடும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஊர்லயே இந்த ரூம் மாதிரி சேஃப்டி வேற எங்கயும் கெடையாது."

"நெஜமாவா தம்பி?"

"டெஸ்டர்ல பாருங்க. இந்த நம்பர் வந்தா இன்னா அர்த்தம் தெரியுமா?"

அவருக்கு அந்த எண்ணில் ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் அதோடு விட்டிருக்கலாம். சிவப்பு பெயின்ட் டப்பாவை எடுத்து, ரேடியோ மேசைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் என் கையாலேயே எழுதினேன். "இடி இடிக்கும்போது அறையை விட்டு வெளியே போகக் கூடாது." எழுத்து நன்றாக வந்ததால் அடுத்த வாரத்தில் மற்ற நான்கு பம்ப் ஹவுஸ்களிலும் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா டீக்கடைக்குப் போகவே இல்லை. மேனேஜர்கூட என்னைப் பாராட்டினார்.

அது நடந்தது ஒரு கோடைமழை நாளில். மதியம் மூன்றரை இருக்கும். நாட்றம்பள்ளியிலிருந்து மச்சான் போன் செய்து, அங்கே செம மழை, ஒரே இடியாக இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் பக்கம் வந்துவிடும் என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு மழை என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். கட்டுப்பாட்டு அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மண் வாசனைக்காகக் காத்திருந்தோம். எங்கள் நிலையத்தில் வேறு வாசனைகள் இருந்ததால் அது வந்து சேரவில்லை.

ஒரு வெளிச்சம் வந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. கண்ணாடி டம்ளர் மேசையில் துள்ளியது. திரையைப் பார்த்தேன். ஐந்து பச்சை விளக்குகளில் மூன்றாவது அணைந்திருந்தது. ரேடியோ போய்விட்டது, நாளைக்குப் போய் மாற்ற வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவின் நினைப்பு எனக்கு அப்புறம்தான் வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அவர் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை.

கொட்டுகிற மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். டீக்கடைக்காரர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பம்ப் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தார். அவர் காலடியில் அக்கா கிடந்தார். பாதி உடம்பு வாசலுக்கு வெளியே, பாதி உள்ளே. கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. செத்துப்போகவில்லை. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, நான் பேசுறது கேக்குதா?"

அவர் என் வாயைப் பார்த்தார். வலது கையால் காதைத் தொட்டார். கையில் ரத்தம் வந்தது.

"கேக்கல தம்பி," என்றார், கத்தலாக. "ஒண்ணுமே கேக்கல."

ஆட்டோ வருவதற்குள் உள்ளே எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். கேபிள் நுழையும் ஓட்டையைச் சுற்றி முழக் கணக்கில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அரெஸ்டர் இருந்த இடத்தில் கரி மட்டும் மிச்சம். ரேடியோப் பெட்டியின் கதவு எதிர்ச் சுவரில் மோதிக் கீழே கிடந்தது. இரும்பு மேசையின் விளிம்பு கறுத்து, லாக் புக் புகைந்துகொண்டிருந்தது. மேலே சுவரில் என் சிவப்பு எழுத்து ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மேசைக்கு முன்னால் நாற்காலி இல்லை. அது வாசல் ஓரமாக, நான்கைந்து ரப்பர் ஷீட்டுகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஷூவுக்கு அடிப்பாகம் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டை ஓட்டையான ஷீட்டுகள். மகள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்தவை.

டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மேகம் கறுத்தால் அக்கா நாற்காலியை வாசலுக்கு இழுத்து அந்த ரப்பர் மேல் போட்டுக்கொள்வாராம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் லாக் புக்கில் எழுதிவிட்டு ஓடி வந்துவிடுவாராம். வெளியே போகக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது, எங்கே உட்காரக் கூடாது என்று எழுதவில்லையே என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ரப்பரெல்லாம் இடிக்கு ஒரு தடையே இல்லை, அது எனக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றியது மேசைக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த எட்டடி தூரம். நான் சொன்னபடி சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அவரைப் பிணமாகத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வலது காதுச் சவ்வு கிழிந்து நரம்பும் போய்விட்டது, அதில் இனி கேட்காது, இடது காது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்றார்கள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் ரொம்பச் சத்தமாகப் பேசினார்.

"நீ எழுதி வச்சியேன்னுதான் தம்பி உள்ளயே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வேலையில் தப்பு நடக்கவில்லை என்று எனக்குத் தெரியப்படுத்துகிற மாதிரி சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாரையும் டெஸ்டருமாக, ஒரு கூலிக்காரரையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் நம்பருக்குப் போனேன். முதலில் வழக்கம்போல மூடியைத் திறந்து குழாயில் கிளிப்பை மாட்டினேன். ஒரு ஓமுக்கும் கீழே. நேற்று ஓர் ஆளைத் தூக்கி எறிந்த இடத்தில், அதே அழகான எண். டெஸ்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகு டவர் காலிலிருந்து தோண்ட ஆரம்பித்தேன். மண்ணுக்கு மேலே ஒரு சாண் பட்டை, நான் அடித்த பச்சை பெயின்ட்டோடு புத்தம் புதிதாக இருந்தது. மண்ணுக்குள் நாலு விரற்கடை போனதும் அது பழுப்புச் செதில் செதிலாக உரிந்தது. விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. இன்னும் ஒரு முழம் தோண்டியதும் பட்டையே இல்லை. ஈர உப்புக்கு நடுவில் துருக்கறை மட்டும் கோடாக ஓடியது. அந்தக் கோட்டின் பின்னாலேயே குழி வரைக்கும் தோண்டிக்கொண்டு போனேன். கடைசி வரைக்கும் கறைதான்.

நான் கொட்டிய உப்பு ஐந்து வருஷமாக மெல்லிய பட்டையைத் தின்றிருக்கிறது; கனமான வார்ப்பிரும்புக் குழாய் மட்டும் தப்பித்திருக்கிறது. டவருக்கும் குழிக்கும் நடுவே எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போய் எத்தனை மாதம் ஆயிற்றோ. நான் அளந்ததெல்லாம் குழாயையும் அதைச் சுற்றியிருந்த உப்பு மண்ணையும்தான். இந்த மண்ணில் ஒரு ஆணியைக் குத்தி அளந்தாலும் எண் நன்றாகத்தான் வரும். இடி டவரில் விழுந்து, இறங்குவதற்கு வழியில்லாமல் கேபிளைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்திருக்கிறது. பாவம், அரெஸ்டர் திருப்பி அனுப்புவதற்கும் அதே இல்லாத பட்டைதான் இருந்தது.

மண்வெட்டியோடு நின்றிருந்த கூலிக்காரர் கேட்டார். "இன்னா சார் இது, இரும்பு எங்க சார்?"

அப்போதுதான் எனக்கு மற்ற நான்கு டவர்களும் ஞாபகம் வந்தன. அதே டிராக்டர், அதே உப்பு. நிமிர்ந்து பார்த்தேன். ஏலகிரிப் பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது. நான்கு அறைகளிலும் நான்கு பேர் என் சிவப்பு எழுத்துக்குக் கீழே கேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போன் அடித்தேன். பம்பை நிறுத்திவிட்டு வெளியே போங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள், பக்கத்தில் ஏதாவது வீட்டுக்குள் போய் இருங்கள் என்றேன். மூன்று பேர் கேள்வி கேட்காமல் கிளம்பிவிட்டார்கள். ஐந்தாம் நம்பர்க்காரர் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

"சார், வெளிய போகக் கூடாதுன்னு எழுதியிருக்குதே சார்."

"யோவ், எழுதுனதே நான்தான்யா. நான் சொல்றேன், போ."

"அப்புறம் தொட்டி ரொம்பிடுச்சுன்னா மேனேஜர் என்னைத்தான் பேஜார் பண்ணுவாரு. எது சார் சரி? அப்ப எழுதுனதா, இப்ப சொல்றதா?"

என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமாக ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. "அப்ப எழுதுனது தப்பு. எனக்குத் தெரியாம எழுதிட்டேன். பட்டையே இல்ல. கெளம்பு."

போனில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

அன்று இடி எங்கேயோ பாலாற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. நான்காம் நம்பர் தொட்டி நிரம்பித் தெருவுக்கு வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது துருவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஐந்து இடத்திலும் உப்பையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு நல்ல மண் கொண்டுவந்து நிரப்பினோம். இந்தத் தடவை இரும்புக்குப் பதில் செம்புப் பட்டை, அதைப் புதைக்கவும் இல்லை. டவர் காலிலிருந்து சுவரோரமாக, மண்ணுக்கு மேலேயே, யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கும்படி கொண்டுபோனோம். அளப்பதும் இனிமேல் டவர் காலில் கிளிப்பை மாட்டித்தான். சுவரில் எழுதியதைச் சுண்ணாம்பு அடித்து அழித்தேன். சிவப்பு லேசாகத் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். இடது காதில் பக்கத்தில் போய்ப் பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தம் எதுவும் கேட்காது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டையை ஆதியோடந்தமாகக் காட்டினேன். டெஸ்டரை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"மீட்டரு வேணா தம்பி. அடுத்த மழைக்கு நீ வந்து இங்க ஒக்காரு. அந்த மேசையில."

"வர்றேங்கா," என்றேன். அப்போது வெயில் காய்ந்துகொண்டிருந்தது, சொல்வது சுலபமாக இருந்தது.

அடுத்த வாரமே மழை வந்தது. நானும் போனேன். ரேடியோ மேசைக்கு முன்னால், கேபிளிலிருந்து ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்கூட அளந்திருந்தேன். அக்கா வாசலில் தன் ரப்பர் ஷீட்டுகளின் மேல் நாற்காலி போட்டு, வெளியே பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்கு அது புரியவில்லை.

இடித்தது. பக்கத்தில் இல்லை, மலைக்கு அந்தப் பக்கம். என் இரண்டு கைகளும் மேசையை விட்டுத் தாமாகவே மடிக்கு வந்துவிட்டன. அக்கா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவருக்கு அது கேட்கவே இல்லை. என் கைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இடிச்சிச்சா தம்பி?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஆமாக்கா," என்றேன்.

அவர் எழுந்து தன் நாற்காலியை ஓர் ஓரமாக நகர்த்தி, ரப்பர் ஷீட்டில் பாதி இடம் விட்டார். நான் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.